மதுரை டு திப்ருகர்: ஒரு சைட் மூணரை மணி நேரம்ங்குது, டிக்கெட் சைட் பதினோரு மணி நேரம்ங்குது, எது நெசம்?

வைகைக்கரை | நவம்பர் 3, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு அசாம்ல துலியாஜான்ல வேலை, போயி ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இப்ப அவனுக்கு கொழந்தை பொறந்து மூணு மாசம், அம்மாவும் அப்பாவும் பேத்தியப் பார்த்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. டிசம்பர்ல நானே கூட்டிட்டுப் போறதா முடிவு. அங்க கிட்டக்க இருக்குற ஏர்போர்ட் திப்ருகர்.

அப்பா பஸ் டிப்போல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எங்க போறதா இருந்தாலும் அவரு கேக்குற முதல் கேள்வி "எத்தனை கிலோமீட்டர், ரன்னிங் டைம் எவ்வளவு". சரின்னு கூகுள்ல தேடுனா தூரம் பார்க்குற ஒரு சைட்டு 2,645 கி.மீ., 3 மணி 37 நிமிஷம்னு போட்டிருக்கு. இன்னொரு சைட்டு அதே கிலோமீட்டர் தான் ஆனா 3 மணி 48 நிமிஷம். டிக்கெட் சைட்டுக்குப் போனா இருக்குறதுலயே கம்மி 10 மணி 50 நிமிஷம், சிலதுல 27 மணி நேரம்னு எல்லாம் வருது. அப்பா போனை வாங்கி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துட்டு "மூணே முக்கா மணி நேரம் ஓடுற வண்டிக்கு எதுக்குடா பதினோரு மணி நேரம் ஷெட்யூல் போட்டிருக்கான்"னு கேக்குறாரு. என்கிட்ட பதில் இல்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏவ்கீக்_சேலம் | நவம்பர் 3, இரவு 9.40

ப்ரோ அந்த 3:37 விமானம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. மதுரைல இருந்து திப்ருகருக்கு நேர் ஃப்ளைட் இல்ல. அந்த சைட்டுங்க என்ன பண்ணுதுன்னா ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை தீர்க்கரேகைய எடுத்து நடுவுல நூல் புடிச்ச மாதிரி ஒரு கோடு போட்டு கிலோமீட்டர் கண்டுபுடிச்சு, அதை ஒரு சராசரி ஸ்பீடால வகுத்து, ஏறி இறங்குறதுக்கு அரை மணி நேரம் கூட்டி போட்டுரும். 2,645ஐ 850ஆல வகுத்து அரை மணி கூட்டிப் பாருங்க, 3:37 வரும். அதே 800ஆல வகுத்தா 3:48. உங்க ரெண்டு சைட்டுக்கும் உள்ள சண்டை அவ்வளவு தான். அங்க விமானம் ஓடுதா இல்லையான்னு அதுக்குத் தெரியாது, ரெண்டு வயக்காட்டுக்கு நடுவுல கேட்டா கூட அது நேரம் சொல்லும்.

வைகைக்கரை | நவம்பர் 3, இரவு 9.47

அடப்பாவிகளா. அப்ப 2,645ஆவது நெசமா?

கணக்கு_வாத்தி | நவம்பர் 3, இரவு 10.31

அது நெசம் தான் தம்பி, நான் பேப்பர்ல போட்டுப் பார்த்துட்டேன், தூக்கம் வரல. மதுரை ஏர்போர்ட் வடக்கு 9.83 டிகிரி, கிழக்கு 78.09. திப்ருகர் ஏர்போர்ட், அதாவது மோகன்பாரி, வடக்கு 27.48, கிழக்கு 95.02. வித்தியாசம் வடக்கால 17.65 டிகிரி, கிழக்கால 16.92 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ.ன்னு வச்சு பித்தாகரஸ் போட்டா 2,700க்கு மேல போயிரும், என் பசங்க எல்லாம் அப்படித்தான் போடுவானுங்க. தப்பு எங்கன்னா வடக்க போகப்போக தீர்க்கரேகை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு நெருங்கும். மதுரைல கிழக்கால ஒரு டிகிரி நகந்தா 109.5 கி.மீ., அதே ஒரு டிகிரி திப்ருகர்ல 98.7 தான். நடுவுல உள்ள அட்சரேகைக்கு 105ன்னு எடுத்துக்கிட்டு போட்டா 2,650 பக்கம் வந்து நிக்கும். உருண்டைக்கணக்கு முழுசாப் போட்டா 2,645. அப்பாகிட்ட தைரியமாச் சொல்லுங்க.

கொங்கு_ரயில் | நவம்பர் 4, காலை 6.05

ஏனுங்க, இதுக்கு எதுக்குங்க ஃப்ளைட்டு? கன்னியாகுமரி டு திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் இருக்குதில்லீங்க. 2011ல வுட்டது, இந்தியாவுலயே நீளமான ரூட்டு, 4,100 கிலோமீட்டருக்கு மேல, ஒம்பது மாநிலம். சேலத்துலயோ ஈரோட்டுலயோ ஏறி படுத்தீங்கன்னா நேரா திப்ருகர்ல போய் எந்திரிக்கலாம். மாறறது கெடையாது, பெட்டி தூக்கறது கெடையாது. கோதாவரி, மகாநதி, கங்கைன்னு அத்தனை ஆத்தையும் பார்த்துட்டுப் போலாமுங்க.

வைகைக்கரை | நவம்பர் 4, காலை 7.20

அண்ணே ஆசையாத்தான் இருக்கு, ஆனா அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். அது மதுரை வழியாவும் வராதாமே, கேரளா சுத்தித்தான் போகுதாமே.

கொங்கு_ரயில் | நவம்பர் 4, காலை 7.33

ஆமாங்க திருவனந்தபுரம், எர்ணாகுளம், பாலக்காடு போயித்தான் கோயமுத்தூர் வரும். மூணு நாளைக்கு மேல ஆகும். முழங்கால்னா நான் வற்புறுத்தலீங்க.

சபுவா_நெல்லைக்காரன் | நவம்பர் 4, காலை 10.15

நான் பன்னெண்டு வருசமா தின்சுகியா பக்கம் டீ எஸ்டேட்ல இருக்கேன், சொந்த ஊரு அம்பாசமுத்திரம். ரயிலு, ப்ளேனு ரெண்டுலயும் எத்தனையோ தடவ போயி வந்தாச்சு, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்லுதேன், பொறுத்துக்கிடுங்க.

ரயில் தூரத்துக்கும் வான்வழி தூரத்துக்கும் ஏன் இம்புட்டு வித்தியாசம்னு மேப்ப எடுத்துப் பாத்தா புரிஞ்சிரும். ரயிலு வங்காள விரிகுடாவோட கரைய ஒட்டியே வளைஞ்சு வங்காளம் வரைக்கும் போயி, அங்கன இருந்து வடக்க ஏறி, சிலிகுரி கிட்ட ஒரு இடுக்கு இருக்கு பாருங்க, கோழிக்கழுத்துன்னு சொல்லுவாங்க, குறுகலான எடத்துல இருபது கிலோமீட்டர் சொச்சம் தான் அகலம், ஒரு பக்கம் நேபாளம் ஒரு பக்கம் பங்களாதேஷ், அதுக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்து மறுபடி கிழக்க திரும்பி அசாம் முழுக்க ஓடி எங்க ஊருக்கு வரணும். ரோட்டுல வந்தாலும் இதே கததான், 3,500 கி.மீ.க்கு மேல. ப்ளேனுக்கு அந்தக் கழுத்து தேவையில்ல, கொல்கத்தால ஏறுனா பங்களாதேஷுக்கு மேல பறந்து மேகாலயா மலையத் தாண்டி நேரா அசாமுக்குள்ள எறங்கிரும். ஜன்னல் சீட்டு கெடச்சா கீழ பூரா ஆறும் தண்ணியுமா தெரியும், அது தான் பங்களாதேஷு.

அப்புறம் டிசம்பர்ல வாரீகன்னு சொன்னீக. ஒண்ணு மனசுல வச்சுக்கிடுங்க, இங்கன டிசம்பர்ல சாயங்காலம் நாலேகாலு நாலரைக்கு சூரியன் விழுந்துரும். அஞ்சு மணிக்கு கும்மிருட்டு. மோகன்பாரில இருந்து துலியாஜானுக்கு 45 கி.மீ. பக்கம் வரும், வயசானவங்களக் கூட்டிட்டு புது ஊர்ல இருட்டுல போக வேண்டாம்னு நெனச்சா மூணு மணிக்கு முன்னால எறங்குற மாதிரி பாருங்க. அதுக்குன்னு காலைல ரொம்ப சீக்கிரம் எறங்குற ப்ளேனும் போடாதீக, டிசம்பர் ஜனவரில காலைல மூடுபனி, எறங்க முடியாம திருப்பி விட்டுருவான்.

கணக்கு_வாத்தி | நவம்பர் 4, பகல் 12.02

நாலேகாலா! மதுரைல டிசம்பர்ல ஆறு மணிக்குத்தான் அஸ்தமனம். தீர்க்கரேகை வித்தியாசம் 16.92 டிகிரி, டிகிரிக்கு நாலு நிமிஷம்னா 68 நிமிஷம் தான் வருது, மீதி அரை மணி நேரத்துக்கு மேல எங்க போச்சுன்னு பார்த்தா அது அட்சரேகை, குளிர்காலத்துல வடக்க போகப்போக பகல் சுருங்கும்ல. கிழக்கயும் தள்ளி வடக்கயும் தள்ளி இருக்கறதால ரெட்டை அடி.

சபுவா_நெல்லைக்காரன் | நவம்பர் 4, பகல் 12.30

ஆமா வாத்தியாரே. அதனாலதான் எங்க தோட்டத்துல எல்லாம் கடியாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடும், பாகான் டைம்னு பேரு. வெள்ளக்காரன் காலத்துப் பழக்கம், இன்னிக்கும் உண்டு. சங்கு ஊதுனா எட்டுன்னு அர்த்தம், உங்க செல்போன்ல ஏழு காட்டும். வந்த புதுசுல நான் ஒரு மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் லேட்டாப் போயி மேனேசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

வைகைக்கரை | நவம்பர் 4, மதியம் 1.15

இதை அப்பாகிட்ட சொன்னேன், "ஒரே நாட்டுக்குள்ள ரெண்டு டைமா"ன்னு ரொம்ப நேரம் யோசிச்சாரு. டைம்கீப்பர் மனசு தாங்கல போல.

சரி எந்த வழியா போறது? டெல்லி வழியா, பெங்களூரு வழியா, சென்னை கொல்கத்தா வழியான்னு ஏகப்பட்டது காட்டுது. சுத்தாம போற ரூட்டு எது?

ஏவ்கீக்_சேலம் | நவம்பர் 4, மதியம் 2.48

இதுல தான் ஒரு அழகான மேட்டர் இருக்கு, லஞ்ச் டைம்ல உக்காந்து கணக்கு போட்டேன்.

மதுரை டு சென்னை நேர்க்கோட்டுல 418 கி.மீ. சென்னை டு கொல்கத்தா 1,384. கொல்கத்தா டு திப்ருகர் 852. கூட்டிப் பாருங்க, 2,654. நேரா ஒரே மூச்சுல பறந்தா 2,645. அதாவது ரெண்டு இடத்துல இறங்கி ஏறுனாலும் சுத்து வெறும் ஒம்பது கிலோமீட்டர் தான்!! மதுரைக்கும் திப்ருகருக்கும் கோடு போட்டா சென்னையும் கொல்கத்தாவும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டு மேலயே உக்காந்திருக்கு. திருநகர்ல இருந்து மாட்டுத்தாவணி போறதே ஒம்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கும்.

சென்னைல இருந்து நேரா குவஹாத்தி போயி அங்க இருந்து திப்ருகர் போனா 2,675. பெங்களூரு, குவஹாத்தி வழின்னா 2,790 பக்கம், அதுவும் பரவால்ல. டெல்லி வழியா மட்டும் போயிராதீங்க, 3,840 கி.மீ., ஆயிரத்து இருநூறு எக்ஸ்ட்ரா. மதுரைக்காரன் தஞ்சாவூர் போக கோயமுத்தூர் போயி திரும்புன கதை.

விமானம் நெசத்துல இப்படி நூல் புடிச்சுப் பறக்காது, ஏர் ரூட்டு, ரன்வே திசை, கியூன்னு கொஞ்சம் கூடும். ஆனா ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

வைகைக்கரை | நவம்பர் 4, மதியம் 3.05

ஒம்பது கிலோமீட்டர் சுத்துக்கா ஏழு மணி நேரம் எக்ஸ்ட்ரா?? அப்ப அந்த ஏழு மணி நேரம் எங்க போகுது

ஏவ்கீக்_சேலம் | நவம்பர் 4, மதியம் 3.22

தரையில போகுது ப்ரோ. முதல்ல ஒரு விஷயம், டிக்கெட்ல போட்டிருக்குற நேரமே பறக்குற நேரம் கிடையாது. கதவை மூடி வண்டி நகர்றதுல இருந்து அந்த ஊர்ல போயி நிக்கிற வரைக்கும் உள்ளது அது, ரன்வே வரைக்கும் தரையில உருண்டு போறது, கியூ எல்லாம் அதுக்குள்ள. மதுரை சென்னை டிக்கெட்ல ஒண்ணேகால் ஒன்றரை மணி நேரம்னு இருக்கும், காத்துல இருக்கறது ஒரு மணி நேரம் தான். அதுவும் பெரும்பாலும் ஏ.டி.ஆர்., விசிறி வச்ச வண்டி, மணிக்கு 500 தான் போகும். சென்னைல இருந்து பெரிய ஜெட், ஏ320 மாதிரி, மணிக்கு 830 பக்கம். சென்னை கொல்கத்தா டிக்கெட்ல ரெண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியா, கொல்கத்தா திப்ருகர் ஒன்றரை மணிக்குக் கொஞ்சம் கூடவோ இருக்கும். மூணையும் கூட்டுனா அஞ்சு மணி நேரம் சொச்சம். மீதி எல்லாம் சென்னைலயும் கொல்கத்தாவுலயும் சமோசா தின்னுட்டு உக்காந்திருக்குற நேரம்.

அவனியாபுரம்_அன்பு | நவம்பர் 4, மாலை 6.50

கேக்கவே எரியுது. எங்க வீட்டு மாடில நின்னா விமானம் இறங்கறது தெரியும், எண்ணிறலாம், அவ்வளவு கம்மி. மதுரைல இருந்து துபாய் போகுது, கொழும்பு போகுது, ஆனா நம்ம நாட்டுக்குள்ள ஒரு ஊருக்குப் போக மூணு விமானம் மாறணும். துபாய் எம்புட்டு தூரம்?

ஏவ்கீக்_சேலம் | நவம்பர் 4, மாலை 7.04

2,950 பக்கம். திப்ருகர விட 300 கி.மீ. தூரம், ஆனா நேரா நாலு மணி நேரத்துல போயிரலாம்.

அவனியாபுரம்_அன்பு | நவம்பர் 4, மாலை 7.09

பாத்தீங்களா!!! மதுரைன்னா எல்லாருக்கும் இளக்காரம்யா

சபுவா_நெல்லைக்காரன் | நவம்பர் 4, இரவு 8.20

தம்பி அன்பு, கோவம் நியாயந்தான், ஆனா எளக்காரம் இல்ல, ஆளு இல்ல. துபாய்க்கு எங்க மாவட்டம், ராம்நாடு, சிவகங்கைல இருந்து வீட்டுக்கு ஒருத்தன் இருக்கான். திப்ருகருக்கு யாரு போவா சொல்லுங்க? பட்டாளத்துக்காரங்க கொஞ்சம், எண்ணெய்க் கம்பெனில கொஞ்சம், என்னய மாதிரி டீத்தோட்டத்துல ஒண்ணு ரெண்டு. 180 சீட்ட தெனமும் நெரப்பணும்லா. இங்கன இருந்து தமிழ்நாட்டுக்கு வார கூட்டம் பெரிசு தான், அது பூரா வேலூருக்கு வைத்தியம் பாக்கப் போற கூட்டம், இல்லன்னா வேலைக்குப் போற பயலுவ. அவங்க எல்லாம் சென்னையோட, காட்பாடியோட எறங்கிருவாங்க. அதனால தான் சென்னை டு குவஹாத்திக்கு நேரா ப்ளேன் இருக்கு, மதுரைக்கு இல்ல. ஊருக்கு ஊர் கோடு போட்டா கட்டாது, நடுவுல ஒரு பெரிய ஊர்ல கொண்டாந்து கொட்டி அங்கன இருந்து பிரிச்சு அனுப்புனாத்தான் கட்டும்.

வைகைக்கரை | நவம்பர் 4, இரவு 8.41

அப்பா இதைப் படிச்சிட்டு "கரெக்ட்டு, நாங்களும் அப்படித்தான், உசிலம்பட்டி டு பட்டுக்கோட்டை நேர் பஸ் விட்டா டீசலுக்குக் கூட தேறாது"ன்னாரு. அவருக்கு உங்க எல்லாரையும் புடிச்சுப் போச்சு, தெனமும் சாப்டுட்டு "அந்த குரூப்ல என்ன போட்டிருக்கான்"னு கேக்குறாரு.

மேடவாக்கம்_அக்கா | நவம்பர் 4, இரவு 11.18

தூரம் நேரம் எல்லாம் இருக்கட்டும், டிக்கெட் எப்படி எடுக்கப் போறீங்க? நான் பட்டது நீங்க படக்கூடாதுன்னு தான் எழுதறேன். போன வருஷம் இதே ஏரியாவுக்குப் போனோம், நானும் எங்க வீட்டுக்காரரும் மாமியாரும். எங்க வீட்டுக்காரர் ரொம்ப புத்திசாலித்தனமா சென்னை கொல்கத்தா ஒரு கம்பெனில தனி டிக்கெட், கொல்கத்தா திப்ருகர் வேற கம்பெனில தனி டிக்கெட்னு எடுத்தார், தலைக்கு ஆயிரத்து ஐநூறு மிச்சம்னு ஒரே பெருமை. சென்னைல மழை, வண்டி ஒரு மணி நேரம் லேட்டு. கொல்கத்தால இறங்கி, பெல்ட்ல பொட்டி வர்றதுக்கு காத்திருந்து, வெளிய போயி மறுபடி புறப்பாடு பக்கம் சுத்தி வந்து கவுன்டர்ல நின்னா மூடி அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னுட்டான். கண்ணு முன்னாடி ப்ளேன் நிக்குது. நீங்க லேட்டா வந்தது எங்க தப்பில்லன்னு இவன் சொல்றான், அடுத்த டிக்கெட்டைப் பத்தி எங்களுக்குத் தெரியாதுன்னு அவன் சொல்றான். ரெண்டு பேர் சொல்றதும் சட்டப்படி சரி தான், அது தான் வயித்தெரிச்சல். மூணு பேருக்கும் புது டிக்கெட், ராத்திரி ஒரு லாட்ஜ், மாமியார் பேச்சு தனி. அதனால மதுரைல இருந்து திப்ருகர் வரைக்கும் ஒரே பி.என்.ஆர்.ல எடுங்க. லேட்டானா அடுத்த வண்டில ஏத்தி விடறது அவங்க பொறுப்பு, பொட்டியும் பெரும்பாலும் மதுரைல போட்டா திப்ருகர்ல தான் எடுக்கணும், மதுரை கவுன்டர்லயே டேக்ல என்ன ஊர் ஒட்டியிருக்குன்னு பார்த்துக்கோங்க.

கொங்கு_ரயில் | நவம்பர் 5, காலை 6.10

பாத்தீங்களா, ரயில்ல இந்த வம்பே இல்லீங்க.

மேடவாக்கம்_அக்கா | நவம்பர் 5, காலை 8.44

ரயில்காரரே, எங்க மாமியாரோட மூணு நாள் ஒரே கூபேல இருந்து பாருங்க, அப்புறம் பேசலாம் 😂

இன்னொண்ணு. சென்னைல உள்நாட்டுக்கே டி1, டி4ன்னு ரெண்டு டெர்மினல். ஒரே கம்பெனின்னா பெரும்பாலும் பிரச்சனை இல்ல, ஆனாலும் டிக்கெட்ல பார்த்துக்கோங்க. அம்மாவுக்கு வீல்சேர் கேளுங்க, காசு கிடையாது, ரெண்டு நாள் முன்னாடி சொல்லி வச்சுட்டா மூணு ஊர்லயும் ஆள் வந்து நிக்கும், அதோட போனா செக்யூரிட்டில நீங்களும் சீக்கிரம் போயிரலாம். கனெக்‌ஷனுக்கு நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடுங்க. ஐம்பது நிமிஷ கனெக்‌ஷன் காட்டும், மயங்கிராதீங்க.

வைகைக்கரை | நவம்பர் 5, காலை 9.30

அக்கா கோடி நன்றி. ஒரே பி.என்.ஆர். தான். அம்மா வேற ஒரு லிஸ்ட் போட்டிருக்காங்க, இட்லிப்பொடி, மாவடு, எலுமிச்சை ஊறுகாய், பேத்திக்கு வசம்பு, உரை மருந்து, சீர் வைக்க தேங்காய், கொப்பரை.

மேடவாக்கம்_அக்கா | நவம்பர் 5, காலை 9.52

ஊறுகாய் கைப்பையில வேண்டாம், செக்யூரிட்டில புடுங்கிருவான், நல்லா சுத்தி பெரிய பொட்டில போடுங்க. கொப்பரை பொட்டிலயும் போடக்கூடாது, எண்ணெய்ப் பசை தீப்புடிக்கும்னு தடை. ஒருத்தருக்கு பெரும்பாலும் 15 கிலோ தான், வீட்டுலயே தூக்கிப் பாத்துருங்க.

சபுவா_நெல்லைக்காரன் | நவம்பர் 5, மதியம் 1.40

தேங்காய் இங்கனயே கெடைக்கும், தூக்கிட்டு வராதீக. நல்லெண்ணெய் மட்டும் ஒரு லிட்டர் கூட கொண்டாங்க, இங்கன எல்லாம் கடுகெண்ணெய் தான், தம்பி வாயி செத்துப் போயிருக்கும்.

பரசுராம் குண்டம், நம்சாய் பக்கம் போற எண்ணம் இருந்தா அது அருணாச்சல், இன்னர் லைன் பர்மிட் வேணும், ஆன்லைன்லயே எடுத்துருங்க. அசாமுக்கு ஒண்ணும் வேண்டாம். போகிபீல் பாலத்த மட்டும் அப்பாவுக்குக் காட்டிருங்க, பிரம்மபுத்திரா மேல அஞ்சு கிலோமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, கீழ ரயிலு மேல ரோடு, 2018 கிறிஸ்துமஸ் அன்னிக்கு தெறந்தது.

இன்னொரு சங்கதி, நீங்க எறங்கப்போற மோகன்பாரி இருக்கே, அது ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்காக்காரன் பயன்படுத்துன மைதானம். இங்கன இருந்தும் பக்கத்துல சபுவால இருந்தும் தான் இமயமலைய தாண்டி சீனாவுக்கு சரக்கு ஏத்திட்டுப் போவான், மலைமுகட்ட அவன் திமில்னு பேரு வச்சு கூப்புட்டான். ஏகப்பட்ட ப்ளேனு அந்த மலையில விழுந்து போச்சு.

கணக்கு_வாத்தி | நவம்பர் 5, மாலை 4.25

நெல்லைக்காரரே நீங்க சொன்னதும் கை சும்மா இருக்கல. அவன் சரக்கு கொண்டு போன குன்மிங் ஊருக்கு மோகன்பாரில இருந்து தூரம் போட்டேன், 820 கி.மீ. பக்கம். கொல்கத்தா 852. அதாவது உங்களுக்கு கொல்கத்தாவ விட சீனாவோட குன்மிங் கிட்ட!

அவனியாபுரம்_அன்பு | நவம்பர் 5, மாலை 4.31

யோவ்

ஏவ்கீக்_சேலம் | நவம்பர் 5, இரவு 9.15

காத்து மேட்டரையும் சொல்லிடறேன், ரிட்டர்னுக்கு உதவும். குளிர்காலத்துல வட இந்தியாவுக்கு மேல பத்து பன்னெண்டு கிலோமீட்டர் உயரத்துல மேற்குல இருந்து கிழக்க பலமா காத்து ஓடும், ஜெட் ஸ்ட்ரீம். போறப்ப அது முதுகுல தள்ளும், வர்றப்ப மூஞ்சில அடிக்கும். டெல்லி குவஹாத்தி மாதிரி நேர் கிழக்க போற ரூட்டுல போக வர நேரம் நல்லாவே வித்தியாசப்படும். உங்க ரூட்டுல சென்னை கொல்கத்தாவுல பெருசாத் தெரியாது, கொல்கத்தா திப்ருகர்ல பத்து பதினஞ்சு நிமிஷம் தெரியலாம். தூர சைட்டுங்க போக வர ரெண்டுக்கும் ஒரே நேரம் தான் காட்டும், காத்துன்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது.

வைகைக்கரை | நவம்பர் 6, காலை 7.02

டிக்கெட் போட்டாச்சு. டிசம்பர் 11, மதுரை, சென்னை, கொல்கத்தா, திப்ருகர், ஒரே பி.என்.ஆர்., மூணு மணிக்கு முன்னால இறங்குறது கிடைக்கல, நாலு மணிக்கு இறங்குறது தான் கிடைச்சது, தம்பி கார் எடுத்துட்டு வந்துருவான். போயிட்டு வந்து எழுதறேன்.

வைகைக்கரை | டிசம்பர் 12, மதியம் 12.20

வந்து சேர்ந்தாச்சு! அப்பா ஒரு பழைய டைரில ஒவ்வொரு வண்டியும் சக்கரம் தரைய விட்டது, சக்கரம் தரைய தொட்டது ரெண்டையும் கைக்கடிகாரத்தைப் பாத்து எழுதிட்டே வந்தாரு. பக்கத்து சீட்டு பெங்காலி பையன் இவரு ஏதோ ஏர்லைன் இன்ஸ்பெக்டர்னு நெனச்சு பயந்தே போயிட்டான். அவர் எழுதினதை அப்படியே போடறேன்.

வீடு புறப்பாடு 4.50. மதுரை ஏறியது 7.21, சென்னை தொட்டது 8.22, ரன்னிங் 61 நிமிஷம். சென்னை ஏறியது 10.58, கொல்கத்தா தொட்டது 12.55, ரன்னிங் 117. கொல்கத்தா ஏறியது 2.41, திப்ருகர் தொட்டது 3.54, ரன்னிங் 73. துலியாஜான் வீடு 5.50.

ஆக மொத்தம் பதிமூணு மணி நேரம். அதுல ஆகாசத்துல இருந்தது 4 மணி 11 நிமிஷம். மீதி 8 மணி 49 நிமிஷம் ஹால்ட்னு அடிக்கோடு போட்டு எழுதியிருக்காரு. அதுக்குக் கீழ "சராசரி வேகம் மணிக்கு 204 கி.மீ."ன்னு ஒரு வரி. எனக்கு சிரிப்பு அடக்க முடியல, இவ்வளவு பெரிய ஏரோப்ளேன்ல வந்து 204.

ஏவ்கீக் தம்பி, அந்த சைட் சொன்ன 3:37க்கும் இந்த 4:11க்கும் அரை மணி நேரம் தான் வித்தியாசம், அதுவும் முதல் காத்தாடி வண்டியால, அதனால அந்த சைட்டை ரொம்பத் திட்ட வேண்டாம்னு அப்பா சொல்லச் சொன்னாரு. "ரன்னிங் டைம் சரியாத்தான் போட்டிருக்கான், ஹால்ட் தான் போடல"ன்னாரு.

ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர்றப்ப மணி நாலரை, லைட் எல்லாம் போட்டுட்டாங்க, அம்மா வாசல்லயே நின்னு தம்பிகிட்ட "ஏன்டா, நடுராத்திரி ஆயிருச்சா"ன்னு கேட்டாங்க.

சபுவா_நெல்லைக்காரன் | டிசம்பர் 12, மதியம் 12.55

வாங்க வாங்க! ஞாயித்துக்கிழமை எல்லாரும் நம்ம தோட்டத்துக்கு சாப்பாட்டுக்கு வாரீக, பாகான் டைம் பன்னெண்டு, உங்க டைம் பதினொண்ணு, அப்பாகிட்ட தெளிவாச் சொல்லிருங்க.

மேடவாக்கம்_அக்கா | டிசம்பர் 12, மதியம் 1.30

வீல்சேர் வந்துச்சா? ஊறுகாய் உடையாம வந்துச்சா?

வைகைக்கரை | டிசம்பர் 12, மதியம் 1.41

மூணு ஊர்லயும் வந்துச்சு அக்கா. மாவடு மட்டும் கொஞ்சம் கசிஞ்சு அப்பா வேட்டி ஒண்ணு போச்சு.

ஏவ்கீக்_சேலம் | டிசம்பர் 12, இரவு 8.10

அப்பா டைரி சூப்பர் ப்ரோ. ரிட்டர்ன் எப்ப? வர்றப்பவும் எழுதச் சொல்லுங்க, எதிர்காத்து எவ்வளவு தின்னுதுன்னு பார்த்துரலாம்.

வைகைக்கரை | டிசம்பர் 12, இரவு 8.33

ஜனவரி 9. சொல்லவே தேவையில்ல, அடுத்த பக்கத்துல இப்பவே கோடு போட்டு மேல "டவுன் ட்ரிப்"னு எழுதி வச்சிட்டாரு. எதிர்காத்துக்கு பத்து நிமிஷம் கூடும்னு சொன்னேன், திப்ருகர் கொல்கத்தா கட்டத்துல 83ன்னு பென்சில்ல எழுதிக்கிட்டாரு.